தௌ, தீ, ஹாத்: பழைய ஆங்கில வடிவங்களை எழுத்தில் கையாள ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் கதை எழுதத் தொடங்கும் நம் இளைஞர்களின் படைப்புகளில் ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். கதைக்குள் ஒரு ராஜாவோ மந்திரவாதியோ வந்துவிட்டால் போதும், வசனம் உடனே 'ஐ ஹாத் கம்', 'தீ ஆர்ட் பிரேவ்' என்று மாறிவிடும். பழங்காலத்துச் சாயல் வரட்டும் என்ற ஆசைதான். ஆனால் அந்த ஆங்கிலத்தில் பழக்கமுள்ள வாசகரின் காதில் அது 'நான் வந்தான்', 'உன்னை வீரனாய் இருக்கிறாய்' என்று விழும்.

இந்த வடிவங்களுக்குக் கறாரான இலக்கணம் உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு அது சீக்கிரம் பிடிபடும். நம் வினைச்சொல் ஆளுக்கு ஆள் முடிவு மாறுகிறது. நம்மிடம் 'நீ'யும் உண்டு, 'நீங்க'ளும் உண்டு. இன்றைய ஆங்கிலம் பெரும்பாலும் இழந்துவிட்ட இந்த இரண்டும் நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் உயிரோடு இருந்தன. ஆகவே இதைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழில் செய்வதை அங்கேயும் செய்யப் பழகினால் போதும்.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள்

ஷேக்ஸ்பியரின் மொழியைப் பலர் 'ஓல்டு இங்கிலீஷ்' என்று சொல்வார்கள். மொழியியலில் அந்தப் பெயர் சுமார் 1100-க்கு முந்தைய மொழியைக் குறிக்கும். அதைத் தனியாகப் படிக்காத ஆங்கிலேயருக்கே ஒரு வரி புரியாது. அதற்கு அடுத்தது 1500 வரையிலான இடைக்கால ஆங்கிலம். அதற்குப் பிறகு சுமார் 1700 வரை வழங்கியது முற்பட்ட நவீன ஆங்கிலம். ஷேக்ஸ்பியர் நாடகங்களும், 1611-ல் அச்சான ஜேம்ஸ் மன்னர் காலத்து பைபிளும் இந்த மூன்றாவது வகை.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வகையைப் பற்றி மட்டும்தான். கதை எந்த நூற்றாண்டில் நடந்தாலும், கற்பனை உலகமாகவே இருந்தாலும், இன்றைய வாசகர் 'பழைய ஆங்கிலம்' என்று அடையாளம் காண்பது இதைத்தான். 1300-ஆம் ஆண்டின் சொல்லையும் 1600-ஆம் ஆண்டின் வினைமுடிவையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

'நீ' என்பதன் நான்கு வடிவங்கள்

டி, ஹெச், ஓ, யூ என்று எழுதி 'தௌ' என்று படிக்கும் சொல்தான் 'நீ'. முதல் ஒலி 'திஸ்', 'தட்' ஆகியவற்றில் வருகிற அதே ஒலி. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை' என்றால் உன். 'தைன்' என்றால் உன்னுடையது.

எதை எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று இருக்கிறது. தௌ, தீ, தை, தைன் நான்கும் ஐ, மீ, மை, மைன் என்ற வரிசையோடு ஒன்றுக்கொன்று பொருந்தும். உங்கள் வாக்கியத்தில் 'ஐ' பொருந்தினால் 'தௌ' சரி, 'மீ' பொருந்தினால் 'தீ' சரி. 'மீ ஆம் பிரேவ்' என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் 'தீ ஆர்ட் பிரேவ்' தப்பு.

கூடுதலாக ஒரு நுணுக்கம். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'தை' பெரும்பாலும் 'தைன்' ஆகும், 'மை' 'மைன்' ஆகும்: 'தைன் ஐஸ்' (உன் கண்கள்), 'மைன் ஓன்' (என் சொந்தம்). 1600 வாக்கில் இது கட்டாயம் இல்லை, இரண்டும் வழங்கின. ஆனாலும் செய்யுளில் 'தைன்' காதுக்கு இதமாக இருக்கும்.

பன்மைக்கு 'யீ' என்பது 'நீங்கள்', 'யூ' என்பது 'உங்களை, உங்களுக்கு'. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இந்த வேறுபாடு கலைந்து, 'யூ' இரண்டு இடத்தையும் பிடிக்கத் தொடங்கிவிட்டது. 1611 பைபிளோ அதை ஒழுங்காகக் காப்பாற்றுகிறது. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம் பேசும் இடத்தைப் பாருங்கள். சாத்தான் 'யூ' மேல் கண் வைத்திருக்கிறான், நான் 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' ஆகிவிடுவதால், முதலில் சொன்னது சீடர்கள் அனைவரையும், பிறகு சொன்னது சீமோன் ஒருவனை மட்டும் என்பது மறைந்துவிடுகிறது. தமிழ் பைபிளில் 'சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு', 'உனக்காக வேண்டிக்கொண்டேன்' என்று தெளிவாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். தௌவும் யீயும் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். கடைப் பலகைகளில் பழமைக்காக 'யீ ஓல்ட்' என்று எழுதியிருப்பார்களே, அந்த 'யீ' இது அல்ல. 'தி' என்ற சொல்லின் முதல் ஒலிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'தார்ன்' என்று தனி எழுத்து இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் அது இல்லை. கையெழுத்திலும் அது 'ஒய்' போலத் தெரிந்ததால் அச்சுக்காரர்கள் 'ஒய்' போட்டுச் சமாளித்தார்கள். அப்போது படித்தவர்கள் அதை 'தி' என்றுதான் படித்தார்கள்.

யார் யாரை 'தௌ' என்று சொல்லலாம்

வடிவத்தில் பிசகாதவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பிரார்த்தனையில் கேட்டுக் கேட்டு, 'தௌ' என்பது மரியாதைச் சொல் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறு. ஒருவரைப் பார்த்து மரியாதையாகப் பேச 'யூ' வேண்டும். பெரியவர் சிறியவரிடம், முதலாளி வேலைக்காரனிடம், காதலர் தங்களுக்குள், கோபத்தில் எதிரியிடம் பேசும்போது வருவது 'தௌ'. கடவுளை 'தௌ' என்பது நெருக்கத்தால். நாமும் 'அப்பன் நீ அம்மை நீ' என்றுதான் தேவாரம் பாடுகிறோம்.

இந்த வேறுபாடு எவ்வளவு சூடானது என்பதற்கு ஒரு நீதிமன்றக் காட்சி சாட்சி. 1603-ல் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், கோபம் தலைக்கேறி, 'ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்' என்று கத்தினார். 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே' என்று பொருள். 'தௌ' இங்கே வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தஸ்துள்ள ஒருவரைப் பொதுச் சபையில் 'நீ' என்று கூப்பிடுவதே ஓர் அடி. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் குவேக்கர் சமயத்தார், கடவுள் முன் எல்லோரும் சமம் என்று சொல்லி யாரையும் ஒருமையிலேயே அழைத்தார்கள். நீதிபதிகளையும் விடவில்லை. அதற்காக வசவும் அடியும் வாங்கினார்கள்.

ஆக, வசனம் எழுதும் முன் உங்கள் பாத்திரங்களைத் தமிழில் பேசவிட்டுப் பாருங்கள். யார் யாரை 'நீ' என்பார், யார் யாரை 'நீங்கள்' என்பார் என்று ஒரு தாளில் குறியுங்கள். அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டு போங்கள். அரசியின் முன் நிற்கும் சேவகன் அவளை 'தௌ' என்று சொன்னால் அவன் தலை தப்பாது.

இதில் எழுத்தாளனுக்குக் கிடைக்கும் பெரிய லாபம், உறவு மாறும் கணத்தை ஒற்றைச் சொல்லில் காட்ட முடிவது. இரண்டு பேர் பக்கம் பக்கமாக 'யூ' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று ஒருவர் 'தௌ' என்கிறார். அது காதலாக இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம். நம் ஊர்ச் சண்டையில் 'நீங்க' போய் 'நீ' வரும் நொடி எப்படியோ அப்படித்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய வடிவங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

வினைச்சொல்லை ஆளோடு பொருத்துங்கள்

எழுவாய் 'தௌ' என்றால் வினை '-எஸ்ட்' அல்லது '-ஸ்ட்' என்று முடியும்: தௌ மேக்கஸ்ட், தௌ கோயஸ்ட், தௌ நோயஸ்ட். நம் '-ஆய்' செய்கிற வேலையை இது செய்கிறது. இறந்தகாலத்திலும் இதே முடிவு வரும்: தௌ கேமஸ்ட், தௌ டிட்ஸ்ட். அடிக்கடி வருபவை சுருங்கிய வடிவம் எடுக்கும். ஆம், ஆர், இஸ் வரிசையில் தௌவுக்கு 'ஆர்ட்'. ஹேவ் என்பது 'ஹாஸ்ட்', டூ என்பது 'டஸ்ட்', ஷால் 'ஷால்ட்', வில் 'வில்ட்', கேன் 'கான்ஸ்ட்', உட் 'உட்ஸ்ட்'. 'மஸ்ட்' மட்டும் மாறாது.

எழுவாய் அவன், அவள், அது என்றால் '-எத்': ஹீ மேக்கெத், ஷீ கோயெத். இதன் சுருங்கிய வடிவங்கள்தான் 'ஹாத்', 'டத்'. எனவே 'ஐ ஹாத்' கிடையாது, 'தே ஹாத்' எழுதாதீர்கள், 'தௌ ஹாத்' கூடவே கூடாது. நான், நாங்கள், நீங்கள், அவர்கள் எல்லாவற்றுக்கும் இன்றைய வடிவமே போதும்.

'-எத்' நமக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்படும் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், 'திஸ் டீட் விட்னஸத்' என்று ஒரு வரி இருக்கும். 'இப்பத்திரம் சாட்சியமளிக்கிறது' என்று அர்த்தம். சட்ட எழுத்தில் தங்கிவிட்ட பழைய முடிவு அது.

'-எத்' ஒரு காலத்தில் தெற்கு இங்கிலாந்தின் வழக்கு, '-ஸ்' வடக்கின் வழக்கு. வடக்கு வழக்கு மெல்ல லண்டனுக்கு வந்து ஜெயித்தது. 1643-ல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்பவர் எழுத்துக்கூட்டு பற்றி எழுதும்போது, 'லீடெத், நோட்டெத், டேக்கெத் என்று எழுதினாலும் லீட்ஸ், நோட்ஸ், டேக்ஸ் என்றுதான் சாதாரணமாகச் சொல்கிறோம்' என்று குறிப்பிடுகிறார். அதாவது அப்போதே '-எத்' பெருமளவு ஏட்டு வடிவமாகிவிட்டது. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்தே போடுவார். வெனிஸ் வணிகன் நாடகத்தில் கருணையைப் பற்றிய வரி: 'இட் பிளெஸத் ஹிம் தட் கிவ்ஸ் அண்ட் ஹிம் தட் டேக்ஸ்'. ஒரே வரியில் 'பிளெஸத்' பழையது, 'கிவ்ஸ்', 'டேக்ஸ்' புதியவை. எங்கே ஓர் அசை கூடுதலாக வேண்டுமோ அங்கே '-எத்', வேண்டாத இடத்தில் '-ஸ்'. கவிதை எழுதுகிறவர்கள் இந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதேபோல 'கம்மஸ்ட்' இரண்டு அசை, 'கம்ஸ்ட்' ஒன்று.

இன்னொரு பொதுவான தவறு, துணைவினை வந்த பிறகும் முதன்மை வினையில் முடிவைப் போடுவது. 'டஸ்ட் தௌ நோ' சரி, 'டஸ்ட் தௌ நோயஸ்ட்' தவறு. 'தௌ வில்ட் கோ' சரி, 'தௌ வில்ட் கோயஸ்ட்' தவறு. முடிவு ஒரு தடவை வந்தால் போதும்.

கேள்வி, மறுப்பு, விருப்பம்

'டூ' இல்லாமலேயே கேள்வி கேட்கலாம், மறுக்கலாம்: 'நோயஸ்ட் தௌ?', 'ஐ நோ நாட்'. 'டூ' போட்டும் சொல்லலாம், அந்தக் காலத்தில் இரண்டும் வழக்கில் இருந்தன. என் அனுபவத்தில் பழமைச் சாயல் கொண்டுவர மிகவும் உதவுவது இந்த வாக்கிய அமைப்புதான். அபூர்வச் சொல் ஒன்றுகூட இல்லாமல் 'ஐ நோ நாட்' என்ற மூன்று சொல்லே வாசகரை வேறு காலத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

விருப்பத்தையோ நிபந்தனையையோ சொல்லும்போது வினைக்கு முடிவு சேராது. பரமண்டல ஜெபத்தில் 'தை கிங்டம் கம்' என்றுதான் இருக்கிறது, 'கமெத்' இல்லை. ஏனென்றால் ராஜ்யம் வருகிறது என்று தகவல் சொல்லவில்லை, 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று வேண்டுகிறார்கள். நம் வியங்கோள் இருக்கும் இடத்தில் ஆங்கிலம் வெறும் வினையை வைக்கும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

வருதல், போதல், ஆதல், எழுதல் போன்ற வினைகளில் 'ஹேவ்' இருக்க வேண்டிய இடத்தில் 'பீ' வரும்: 'ஹீ இஸ் கம்', 'ஷீ இஸ் கான்'. அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் 1965-ல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கீதையை நினைவுகூர்ந்து 'நவ் ஐ ஆம் பிகம் டெத்' என்று சொன்னது இந்த அமைப்புதான். 'ஹேவ் பிகம்' என்பதைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு ஒன்றுமில்லை, பழைய இலக்கணம்.

இ, அ, எ தெரிந்தால் ஆறு சொல் தெரியும்

நம் இங்கே, அங்கே, எங்கே வரிசை போலவே ஆங்கிலத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஹியர், தேர், வேர் என்பவை இருக்கும் இடம். ஹிதர், திதர், விதர் என்றால் இங்கே நோக்கி, அங்கே நோக்கி, எங்கே நோக்கி. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. 'வென்ஸ்' என்பதிலேயே 'இருந்து' அடங்கிவிட்டது, ஆகவே 'ஃப்ரம்' தேவையில்லை. பைபிளில் 'ஃப்ரம் வென்ஸ்' வரத்தான் செய்கிறது, இருந்தாலும் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

'வேர்ஃபோர்' மட்டும் ஏமாற்றும். அதற்கு எங்கே என்று பொருள் அல்ல, ஏன் என்று பொருள். மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை. நீ ஏன் ரோமியோவாக, எதிரி வீட்டுப் பிள்ளையாக இருக்கிறாய் என்று நொந்துகொள்கிறாள்.

'மீதிங்ஸ்' எனக்குப் பிடித்த சொல். 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'மீ' ஏன் என்று ஆங்கிலேயக் குழந்தைகள் குழம்புவார்கள். நமக்குக் குழப்பமே இல்லை, 'எனக்குத் தோன்றுகிறது' என்பதன் அதே அமைப்பு. இறந்தகாலம் 'மீதாட்'.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

பழைய நூல்களைப் படிக்கும்போது, அகராதியில் தேடத் தோன்றாத எளிய சொற்கள்தான் வழுக்கிவிடும். 'சஃபர்' என்றால் அனுமதி கொடு. 'வான்ட்' என்றால் இல்லாமல் வாடு. 'லெட்' சில இடங்களில் தடு என்று பொருள்படும். 'பிரசென்ட்லி' என்றால் உடனே. 'மீட்' என்றால் எந்த உணவும். 'க்விக்' என்றால் உயிருள்ள. 23-ஆம் சங்கீதத்தின் 'ஐ ஷால் நாட் வான்ட்' என்பதை நம்மவர்கள் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

எழுதும்போது இந்தப் பழைய பொருள்களைப் பயன்படுத்தாதீர்கள். வாசகர் இன்றைய பொருளிலேயே படித்துவிடுவார்.

எவ்வளவு போடுவது

குறைவாகப் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிரிஸ்டலில் பிறந்து 1770-ல் பதினேழு வயதில் இறந்த தாமஸ் சாட்டர்டன், தான் எழுதிய கவிதைகளைப் பதினைந்தாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவருடையவை என்று உலவவிட்டான். அவன் திறமை அபாரமானது. ஆனால் பழைய சொற்களை அகராதிகளிலிருந்து பொறுக்கி அடுக்கியதால், எந்தக் காலத்திலும் யாரும் பேசாத ஒரு மொழி உருவானது. அந்தக் கவிதைகளில் வரும் 'இட்ஸ்' என்ற சின்னச் சொல்லும் அவனைக் காட்டிக்கொடுத்தது. 'அதனுடைய' என்ற பொருளில் அது பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வழக்குக்கு வருகிறது. அதற்கு முன் 'ஹிஸ்' என்றே அஃறிணைக்கும் சொன்னார்கள். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் தன் கிழ மாலுமிக் கவிதையை 1798-ல் பழைய எழுத்துக்கூட்டுகளோடு வெளியிட்டார், 1800-ல் வந்த அடுத்த பதிப்பில் அவற்றில் பலவற்றைத் தானே நீக்கிவிட்டார். கவிதை அதனால் கெட்டுப்போகவில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது: கதைசொல்லியின் குரல் இன்றைய ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பழைய வடிவம் வசனத்தில் மட்டும் வரட்டும். 'தௌ'வைத் தொட்டால் கடைசிவரை இலக்கணத்தோடு தொடருங்கள், முடியாதென்றால் தொடவே வேண்டாம். 'தௌ' இல்லாமல், இக்காலச் சொற்களை மட்டும் கவனமாக விலக்கி, வாக்கிய அமைப்பால் பழமையைக் காட்டுவதும் மதிப்பான வழிதான். இன்று வரலாற்று நாவல் எழுதும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எழுதிப் பாருங்கள்

ஓர் அரசி தாமதமாக வந்த காவலனைக் கேட்கிறாள். தமிழில்: 'ஏன் தாமதமாக வந்தாய்? கதவு சாத்தியாயிற்று என்று தெரியாதா உனக்கு?' பழைய ஆங்கிலத்தில்: 'வை கேமஸ்ட் தௌ ஸோ லேட்? நோயஸ்ட் தௌ நாட் தி கேட்ஸ் ஆர் ஷட்?' காவலனின் பதில்: 'மேடம், ஐ நோ இட். ஐ பெக் யூ, பார்டன் மீ.' அரசி 'தௌ' என்கிறாள், அவன் 'யூ' என்கிறான். சொற்கள் எல்லாம் எளியவை. இதுபோல ஐந்தாறு வரி உரையாடல் எழுதிப் பழகுங்கள்.

ஒரு சொல் எப்போது வழக்கில் இருந்தது என்று பார்க்க ஆக்ஸ்போர்டு பேரகராதியே சிறந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் தருகிறது. ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வழங்கியது என்று காட்டும் கூகுளின் என்கிராம் வரைபடத்தைப் பார்த்தால் 1800-க்கு முந்தைய பகுதியில் கவனம் தேவை. அக்கால அச்சில் 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போல இருப்பதால் கணினி 'பெஸ்ட்' என்பதை 'பெஃப்ட்' என்று படித்திருக்கும்.

'டிஸ்' (இட் இஸ்), 'ட்வாஸ்' (இட் வாஸ்) போன்ற சுருக்கங்களைத் தட்டச்சு செய்யும்போது இன்னொரு தொல்லை. சொல்லின் முதலில் வரும் 'அபாஸ்ட்ரஃபி' குறியை மென்பொருள் மேற்கோளின் தொடக்கக் குறி என்று எண்ணித் திருப்பிப் போட்டுவிடும். எழுத்து விழுந்த இடத்தைக் காட்டும் குறி என்பதால் அது ஒன்பது போல வளைந்திருக்க வேண்டும். கையால் திருத்துங்கள்.

கடைசியாக, முழுப் பிரதியிலும் 'தௌ' என்று தேடி, ஒவ்வொன்றின் வினையும் '-ஸ்ட்' முடிவோ 'ஆர்ட்', 'ஷால்ட்', 'வில்ட்' போன்ற தனி வடிவமோ கொண்டிருக்கிறதா பாருங்கள். 'தீ' என்று தேடி, அந்த இடத்தில் 'மீ' போட்டுப் படியுங்கள். '-எத்' முடிவுள்ள ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் அவன், அவள், அது என்ற ஒருமைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அடித்துவிட்டு இன்றைய வடிவத்தையே எழுதிவிடுங்கள்.